நட்சத்திரக் கள்ளி: ஐந்தாம் வருடத்தில் ஒரு காய்

பங்குனி வெயில் ஏறியதும் மொட்டை மாடித் தொட்டியில் இரண்டு செடிகள் சேர்ந்தாற்போல மொட்டு விட்டன. விதை போட்டு இது ஐந்தாவது வருடம். செடியின் பெயர் ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியஸ். டெக்சாஸின் தென்கோடியிலும், மெக்சிகோவின் தமௌலிபாஸ், நுவோ லியோன் பக்கத்து வறண்ட முட்புதர்களிலும்தான் இதற்குச் சொந்த ஊர். ஆங்கிலத்தில் ஸ்டார் காக்டஸ். டெக்சாஸில் இது வளரும் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) பெயரும் ஸ்டார். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர், செடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முள் கிடையாது. மேலிருந்து அமுக்கிவிட்ட பந்து போல, பெரும்பாலும் எட்டுச் சுளைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு சுளையின் நடுவிலும் பஞ்சுப் பொத்தான்கள் ஒரே வரிசையாக இறங்கும். மற்ற கள்ளிகளில் முள் கிளம்பும் இடம் அது. இதில் பஞ்சோடு சரி. உடம்பெல்லாம் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் நெருக்கமான முடிக்கற்றை. வீட்டுக்கு வருகிறவர்கள் “கிள்ளினால் பால் வருமா?” என்று கேட்பார்கள். வராது. சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் ஆமணக்குக் குடும்பம். இது சப்பாத்திக்கள்ளியின் சொந்தம்.

விதையிலேயே ஏமாந்தேன். நண்பர் தன் செடியில் எடுத்த முப்பது விதைகளைக் கொடுத்தார். பளபளவென்று கரும்பழுப்பு, கடுகை விடக் கொஞ்சம் பெரிது. விதைநெல்லுக்குச் செய்வது போலத் தண்ணீரில் போட்டேன். முப்பதும் மிதந்தன. எல்லாம் பதர் என்று கொட்டப் போனேன். அப்புறம்தான் ஒன்றை எடுத்து உற்றுப் பார்த்தேன்: ஒரு பக்கம் விளிம்பு மடிந்து, உள்ளே குழிவாக, பரிசல் மாதிரி இருந்தது. மிதப்பதுதான் அதன் இயல்பு. மழை வெள்ளத்தில் மிதந்து இடம் மாறத் தோதான வடிவம்.

கழுவிய எம்-சாண்ட், பெர்லைட் என்ற எடையில்லாத வெள்ளைக் கல்பொரி, கொஞ்சம் இலைமட்கு கலந்து பிளாஸ்டிக் டப்பாவில் தூவி, மூடி போட்டேன். மூன்றாம் நாளே பச்சை தெரிந்தது. மொத்தம் இருபத்திரண்டு முளைத்தன. மூடியை அவசரப்பட்டுத் திறந்ததில் ஆறு போயின. ஐப்பசி மழையில் வேரழுகி இன்னும் பதினொன்று. மிச்சம் ஐந்து. ஒரு வருடத்தில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதானால் அதிகம்.

இரண்டாம் வருடம் மார்கழியில் தண்ணீரை நிறுத்தினேன். ஐந்தும் சுருங்கிச் சரளைக்கல் மட்டத்துக்கு இறங்கிவிட்டன. செத்தே போயின என்று நினைத்தேன். சொந்த ஊரிலும் வறட்சிக் காலத்தில் இப்படித்தான் மண்ணோடு மண்ணாகக் கிடக்குமாம், காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது. ஆனால் பெயோட்டே என்ற போதைக் கள்ளியைத் தேடிப் போகிறவர்கள் அதுதான் இது என்று நினைத்துத் தவறுதலாக அறுத்துவிடுகிறார்கள். பெயோட்டேயும் முள்ளில்லாத, பஞ்சு வைத்த கள்ளி. அது போதாதென்று நிலம் திருத்துதல், திருட்டு வேறு. அமெரிக்கா 1993-இல் இதை அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. காட்டிலிருந்து பிடுங்கிய செடி என்று சந்தேகம் வந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

போன வருடம் மாவுப்பூச்சி. வெள்ளைப் பஞ்சுக்குள் வெள்ளைப் பூச்சி, எங்கே தெரியும்? ஒரு சுளையில் ஒரு பொத்தான் மட்டும் வரிசை விலகி இருந்தது. மறுநாள் பார்த்தால் இன்னொரு இடத்தில் இருந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். இப்போது வாரம் ஒரு முறை பொத்தான்களை எண்ணிப் பார்க்கிறேன்; வீட்டில் சிரிக்கிறார்கள்.

போன வருடமே ஒரு செடி பூத்தது. அதன் மகரந்தத்தை அதற்கே தடவினேன். பூ வாடி உதிர்ந்ததுதான் மிச்சம். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி, இரண்டாவது செடி வேண்டும். இந்த முறை இரண்டும் ஒரே நாள் மதியம் விரிந்தன: மஞ்சள் இதழ், தொண்டையில் செம்மை. சின்ன பெயிண்ட் பிரஷ்ஷால் இங்குமங்கும் மாற்றித் தடவினேன். ஒரே தாய்ச்செடியின் பிள்ளைகள் என்பதால் சந்தேகம்தான். ஒன்றில் பிடிக்கவில்லை. மற்றதில் பஞ்சு போர்த்திய காய் ஒன்று, பட்டாணி அளவுக்கு, உப்பிக்கொண்டு வருகிறது. காய்ந்து வெடித்தால் எறும்பு முந்திவிடும் என்று கொசுவலைத் துண்டால் மூடி வைத்திருக்கிறேன்.