பாம்பாட்டி வேடத்தில் விஜய் அமிர்தராஜ்

பொங்கலுக்கு நம் தொலைக்காட்சிகளில் பட்டிமன்றம் வருவதைப் போல, பிரிட்டனில் விடுமுறை நாள் வந்தால் ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்று வந்துவிடும். லண்டனுக்குக் குடிவந்த புதிதில், உடன் பணியாற்றும் ஆங்கிலேய நண்பர் வீட்டு விருந்தில் அப்படித்தான் 1983இல் வெளியான ‘ஆக்டோபஸி’ ஓடிக்கொண்டிருந்தது. உதயப்பூரில் பாம்புகளுக்கு முன்னால் அமர்ந்து ஒருவர் மகுடி ஊத, நண்பர் என்னைப் பார்த்து, “உங்கள் ஊர்க்காரர் வந்துவிட்டார்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

அவர் அறியாமல் சொன்னது உண்மைதான். மகுடி ஊதியவர் சென்னையில் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். திருச்சியில் எங்கள் வீட்டில் டென்னிஸ் மட்டை என்று ஒன்று இருந்ததேயில்லை. ஆனாலும் அப்பாவுக்கு அவர் குலதெய்வத்துக்கு அடுத்தபடி. 1974இல் நாடுகளுக்கிடையிலான டென்னிஸ் போட்டியான டேவிஸ் கோப்பையின் இறுதிச்சுற்றுக்கு இந்தியா முன்னேறியபோது, எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால், அந்நாட்டின் நிறவெறி ஆட்சியை எதிர்த்து நம் அரசு ஆட்டத்தையே புறக்கணித்தது. விஜயும் அண்ணன் ஆனந்தும் இருந்த அணி, ஆடாமலேயே கோப்பையை விட்டுக்கொடுத்தது. “ஆடியிருந்தால் கோப்பை நமக்குத்தான்” என்று தொடங்கும் அப்பா, “ஆடாததுதான் சரி” என்று முடிப்பார்.

அப்படிப்பட்டவருக்கு அந்தப் படம் தந்தது பாண்டின் உள்ளூர் உதவியாளர் வேடம். ஆட்டோ துரத்தலில் அவர் டென்னிஸ் மட்டையால் எதிரிகளை அடிக்க, கூட்டத்தினர் ஆட்டம் பார்ப்பவர்களைப் போல இடமும் வலமுமாகத் தலையைத் திருப்புவார்கள். அதை இன்றும் ரசிக்கிறேன். ஆனால் அதே துரத்தலில் தீ மிதிப்பவர், வாள் விழுங்குபவர், ஆணிப்படுக்கைக்காரர் என்று எல்லோரும் ஒரே தெருவில் வரிசையாக வந்துபோகிறார்கள். ஆப்கன் இளவரசராக நடித்திருப்பவர் லூயி ஜோர்தான் என்ற பிரெஞ்சுக்காரர். மேற்கு ஜெர்மனியில் அணுகுண்டு வெடிக்கவைக்கத் திட்டமிடும் சோவியத் தளபதிக்காவது ஓர் அரசியல் நோக்கம் உண்டு. நம்மவர்களுக்கு அதுவும் இல்லை. விஜய் கொல்லப்பட்டதும் கதை அவரை விட்டுவிட்டு ஐரோப்பாவுக்குப் பறந்துவிடுகிறது.

நம் படங்களும் இதற்குச் சளைத்தவையல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1986இல் வந்த கமல்ஹாசனின் ‘விக்ரம்’ படத்துக்குச் சலாமியா என்ற கற்பனை நாடு தேவைப்பட்டபோது, நாமும் ராஜஸ்தானுக்குத்தான் போனோம். எலிகளை வணங்கும் விநோத மக்களைக் காட்டிச் சிரித்தோம். சிறுவயதில் அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

இப்போதெல்லாம் இவை என்னை உறுத்துவதில்லை, இந்த ஊர் பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். விம்பிள்டன் செல்லும் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறினால் மட்டும், திருச்சி வீட்டு வானொலியும் அதன் கரகரப்பும் எப்படியோ நினைவில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

2021இல் வெளியான ‘நோ டைம் டு டை’ படத்தைத் திரையரங்கில் பார்த்துவிட்டு அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். ஜமைக்கா வம்சாவளியினரான லஷானா லிஞ்ச் பாண்டின் 007 எண்ணுடன் வருவதையும், அதை அவரே முன்வந்து பாண்டிடம் திருப்பித் தருவதையும் குறையாகவே சொன்னேன். மதத்தின் பெயரால் கொலை செய்யும் அரபு மொழிப் பயங்கரவாதியாகத் தன்னைக் காட்டக் கூடாது என்று எகிப்திய வம்சாவளியினரான ராமி மாலெக் நிபந்தனை விதித்த செய்தியையும், ஆனால் பாண்ட் பட வில்லன்களுக்கே உரிய முகத்தழும்பிலிருந்து மட்டும் அவர் தப்பவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

“அந்தப் பெண் கடைசிவரை உயிரோடு இருக்கிறாளா?”

“இருக்கிறாள் அப்பா. இந்த முறை செத்தது பாண்ட்.”

“பரவாயில்லையே” என்றவர், மூச்சு விடாமல் 1981 விம்பிள்டன் காலிறுதிக்குத் தாவினார். ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக விஜய் முதல் இரண்டு செட்டுகளை வென்றிருந்தாராம். மூன்றாவது செட்டை எப்படி ஆடியிருக்க வேண்டும் என்பதை, இருபது நிமிடம் எனக்கு விளக்கினார்.