டை அடித்த நான்கு கதைகள்

நியூஜெர்சியில் ஒரு சிறிய ஊரின் பொது நூலகத்தில் பதினோரு வருடம் பகுதிநேரமாக வேலை பார்த்தேன். புத்தகம் கொடுத்து வாங்கும் மேசை என்னுடையது. தினமும் ரயிலேறி மன்ஹாட்டனுக்குப் போய்வருகிறவர்கள் நிறைந்த ஊர். வாசலில் இருக்கும் டிராப் பாக்ஸைத் திறந்து, ராத்திரி வந்து விழுந்த புத்தகங்களை வண்டியில் அடுக்குவதுதான் காலையில் முதல் வேலை. சிலர் மட்டும் பெட்டியில் போட மாட்டார்கள். நேரே மேசைக்குக் கொண்டுவந்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கையை எடுப்பார்கள். புத்தகம் ரொம்பப் பிடித்திருக்கும், அல்லது அறவே பிடித்திருக்காது.

என் மேசையில் அதிகம் திட்டு வாங்கிய புத்தகம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: கேண்டஸ் புஷ்னெல் 2000இல் வெளியிட்ட 'ஃபோர் ப்ளாண்ட்ஸ்', அதாவது பொன்னிற முடிக்காரிகள் நாலு பேர்.

புஷ்னெல் 1994இல் 'நியூயார்க் அப்சர்வர்' பத்திரிகையில் எழுத ஆரம்பித்த பத்திதான் 'செக்ஸ் அண்ட் த சிட்டி'. அது புத்தகமாகி, 1998இல் எச்பிஓ தொலைக்காட்சித் தொடராகி உலகத்தைச் சுற்றியது. எங்களிடம் வந்தவர்கள் தொடரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். நான்கு தோழிகள், உணவகத்தில் அரட்டை, என்ன ஆனாலும் ஒருத்திக்கு ஒருத்தி துணை. அதே ருசியை எதிர்பார்த்து 'ஃபோர் ப்ளாண்ட்ஸ்' எடுத்துப் போவார்கள். அதில் இருப்பதோ தனித்தனியாக நான்கு குறுநாவல்கள். தோளில் சாய்ந்து அழ ஒரு தோழி கிடையாது. முதல் கதையின் ஜேனி வில்காக்ஸ் ஒரு மாடல். லாங் ஐலண்டின் கிழக்குக் கோடியில் பணக்காரர்கள் கோடையைக் கழிக்கும் ஹாம்ப்டன்ஸில் யாரிடம் நல்ல வீடு இருக்கிறதோ அந்த ஆணை அந்த வருடத்துக்குப் பிடித்துக்கொள்வாள். அடுத்து ஒரு பத்திரிகையாளர் தம்பதி; அவர்களுக்கு ஊரில் யாரையும் பிடிக்காது, ஒருவரையொருவரும் பிடிக்காது. மூன்றாவது, இளவரசனைக் கட்டிக்கொண்டு நிம்மதி தொலைத்தவள். நான்காவது, நியூயார்க்கில் ஆண் தேடி அலுத்து லண்டன் போகும் எழுத்தாளர்.

ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்த பெண் மூன்றாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தாள். "இவங்களத்தான் தினம் லிஃப்ட்ல பாக்கறேன். வீட்டுக்கு வேற கூட்டிட்டுப் போகணுமா?" என்றாள். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர், "நாலு பேர்ல ஒருத்தி மேலயாவது எனக்குப் பிரியம் வர வேண்டாமா?" என்று கேட்டார். திருச்சியிலிருந்து மகள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருந்த ஒரு முன்னாள் வங்கி அதிகாரி அம்மா, "ஏம்மா, இதுகளுக்கெல்லாம் சோத்துக்கா பஞ்சம்? எதுக்கு இந்த அழுகை?" என்றார். ஆனால் முழுசாகப் படித்திருந்தார். ஒரே நாளில்.

எதிர்க்கட்சியும் இருந்தது. கடைத்தெரு சலூனில் தலைக்குக் கலர் போடும் பெண் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, "சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது" என்றாள். எங்கே சிரிப்பு வந்தது என்று நிஜமாகவே கேட்டேன். "தலைப்பைப் பார்த்ததுமே" என்றாள். நான்கு தலைப்புகளும் அவளுடைய தொழிற்சொற்கள்: நைஸ் அண்ட் ஈஸி, ஹைலைட்ஸ், பிளாட்டினம், சிங்கிள் பிராசஸ். முதலாவது, மருந்துக் கடையில் டப்பாவில் விற்கும் டை. கடைசியானது ஒரே பூச்சில் முடிகிற வேலை. பிளாட்டினத்துக்கு முதலில் முடியின் சொந்த நிறத்தை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அந்தத் தலைப்பை இளவரசிக்கு வைத்திருக்கிறாள் பாருங்கள் என்றாள். "நாலு பேருக்கும் வேர்க்கால் தெரியுது, டைக்கு அடியில சொந்த நிறம். அதான் ஜோக்." சொல்லும்போது அவள் பார்வை என் வகிட்டுக்கு ஒருமுறை போய் வந்தது.

எனக்குத் தெரிந்த ஒன்றை நானும் சொன்னேன். இரண்டாவது கதையின் முழுத் தலைப்பு 'ஹைலைட்ஸ் (ஃபார் அடல்ட்ஸ்)'. 'ஹைலைட்ஸ் ஃபார் சில்ட்ரன்' 1946 முதல் வரும் சிறுவர் இதழ். எங்கள் குழந்தைகள் பகுதியில் கிழிந்து கிழிந்து கிடக்கும், பழைய இதழ்களுக்கு டேப் ஒட்டுவது என் வேலை. பெரியவர்களுக்கான சிறுபிள்ளைத்தனம் என்று புஷ்னெல் கண்ணடிப்பது எனக்குப் புரிந்திருந்தது, சாயம் புரியவில்லை. அவளுக்குச் சாயம் புரிந்தது, இதழ் ஞாபகம் வரவில்லை.

பிறகு இதை வாசகர் வட்டத்துக்கு எடுத்துக்கொண்டோம். கூடவே ஈடித் வார்ட்டனையும் வைக்கலாம் என்றது அந்த ஆசிரியைதான். 1862இல் நியூயார்க்கின் பழைய பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர் வார்ட்டன். அவர் 1905இல் எழுதிய 'த ஹவுஸ் ஆஃப் மிர்த்' நாவலின் லில்லி பார்ட்டுக்கு 29 வயது. அழகுண்டு, காசில்லை, பணக்காரர் வீடுகளில் விருந்தாளியாகவே காலம் தள்ளுகிறாள். ஜேனிக்குக் கொள்ளுப்பாட்டி முறை என்று வைத்துக்கொள்ளலாம். 1913இல் வந்த 'த கஸ்டம் ஆஃப் த கன்ட்ரி' நாவலின் அண்டைன் ஸ்ப்ராக் இன்னும் நெருங்கிய சொந்தம். அவளுக்கு அந்தப் பெயரே தாத்தா சந்தைக்குக் கொண்டுவந்த, முடியைச் சுருட்டும் ஒரு சரக்கிலிருந்து வந்ததுதான். இதைச் சொன்னபோது சலூன் பெண் மேசையைத் தட்டிச் சிரித்தாள்.

அந்த மாலை எனக்கு ஔவையார் ஞாபகத்துக்கு வந்தார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். ஔவை சொல்கிறாள்: இவை மயில் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிப் பளபளவென்று காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன, அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. திட்டுகிற சொல் ஒன்றுகூடப் பாட்டில் இல்லை. பழிப்பை ஒளித்துச் சொல்லும் இந்த வகைக் கேலிக்குத் தொல்காப்பியம் பழிகரப்பு அங்கதம் என்று பெயர் வைத்திருக்கிறது. தொண்டைமான் அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு மகிழ்ந்திருக்கவும் கூடும் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

புஷ்னெல் உடைகளையும் வீடுகளையும் அடுக்குவது அந்தப் பீலியும் நெய்யும்தான். ஆனால் ஔவை முறிந்த வேல் ஒன்றையும் பக்கத்தில் வைத்தாள். வார்ட்டனும் வைக்கிறார்: 'மிர்த்' முடியப்போகும் இடத்தில் லில்லி, உழைத்துப் பிழைக்கும் நெட்டி ஸ்ட்ரதரின் சமையலறையில் குளிர்காய்ந்து, அவள் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்கிறாள். அந்த ஒரு அடுப்படி போதும், அதுவரை பார்த்த மாளிகைகளெல்லாம் எதற்காக வர்ணிக்கப்பட்டன என்பது தெரிந்துவிடுகிறது. 'ஃபோர் ப்ளாண்ட்ஸ்' புத்தகத்தில் கொல்லன் பட்டறையே கிடையாது. முறிந்த வேல் ஒன்றை வாசகர் தன் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். சலூன் பெண் கொண்டுவந்தாள், நாளெல்லாம் நின்று வலிக்கும் காலோடு. வக்கீல் அலுவலகப் பெண்ணுக்கு அந்த மாளிகையே வேலையிடம், அவள் எங்கே போவாள்?

புத்தகத்தின் மேலும் தப்பு உண்டு, அதை மறைக்கவில்லை. முதல் கதையில் ஹாம்ப்டன்ஸ் வீடுகளைச் சொல்லும்போது புஷ்னெல்லுக்கே எச்சில் ஊறுவது தெரிகிறது. கேலி செய்கிறவர் விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கேலி செய்கிறார். தம்பதி கதையில் அந்தப் பசி இல்லை. அதனால் அங்கே கத்தி நன்றாக இறங்குகிறது. நான்கில் அது ஒன்றுதான் எனக்குத் தேறுகிறது.

அன்றைய விவாதம் அண்டைன் விஷயத்தில் சண்டையாகவே போனது. விவாகரத்தானவள் தூதரின் மனைவியாக முடியாது என்று கடைசிப் பக்கத்தில் தெரிந்ததும், தனக்கென்றே அமைந்த இடம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றுகிறதே, அந்த இடத்தில் ஆசிரியைக்கு அருவருப்பு. மற்ற பாதிப் பேருக்குக் கொண்டாட்டம்.

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் தொழிலில் வீடிங் நடக்கும், களையெடுப்பு. நெடுநாள் வெளியே போகாத புத்தகங்களின் பட்டியலை அச்சிட்டுக் கையில் கொடுப்பார்கள். ஒரு ஜனவரியில் 'ஃபோர் ப்ளாண்ட்ஸ்' அதில் வந்தது. தேறாத மூன்று கதைகளோடு சேர்த்து அதைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியதோ! என் அட்டையிலேயே எடுத்து, மறுநாள் திருப்பி, ஊழியர் பரிந்துரை அலமாரியில் வைத்தேன். செய்யக்கூடாத காரியம்தான், நூலகத்தில் எல்லோரும் செய்வார்கள். கூட வைக்கும் சின்ன அட்டையில் 'வேர்க்கால் தெரியும்' என்று மட்டும் எழுதினேன்.

இரண்டு நாளில் யாரோ எடுத்துப்போனார்கள். பத்து நாள் கழித்து ஓர் இளம்பெண் நேரே மேசைக்கு வந்தாள்.

"ஒருத்தியக்கூடப் பிடிக்கல. அதுலயும் அந்த ஜேனி... சே!" என்றாள். நான் புத்தகத்தை வாங்கி ஸ்கேன் செய்தேன். அவள் போகவில்லை.

"அவ கதை இன்னொரு புத்தகத்துல தொடருதாமே. இருக்கா?"

'ட்ரேடிங் அப்', 2003. இருந்தது.