அலிகோ: கரண்டியோடு எழும் கிழங்கு

தெற்கு பிரான்ஸின் ஒப்ராக் மேட்டுநிலத்தில் கிராமத்து விடுதி எதிலாவது உட்கார்ந்தால், கேட்க வேண்டியது அலிகோ. உருளைக்கிழங்கு மசியல்தான். ஆனால் பாலாடைக்கட்டி கலந்திருப்பதால், கரண்டியைத் தூக்கினால் முழ நீளத்துக்கு நாடாபோல எழும்.

ஒரு கிலோ மாவுப்பதமான உருளைக்கிழங்குக்குச் சுமார் 400 கிராம் தோம் ஃப்ரெஷ், 200 கிராம் க்ரீம், கொஞ்சம் வெண்ணெய், நசுக்கிய பூண்டு. தோம் என்பது உப்பிடாத இளம் பாலாடைக்கட்டி. அதையே உடைத்து, உப்பிட்டு, அழுத்தி மாதக்கணக்கில் முதிரவைத்தால் லாயோல் சீஸ். முதிர்ந்ததைப் போட்டால் இழை வராது, ருசி எவ்வளவு இருந்தாலும்!

கிழங்கைக் கையால்தான் மசிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் பசையாகிவிடும். சூடான மசியலில் தோமை மெல்லிய வில்லைகளாகச் சேர்த்து, சிறு தீயில் மரத்துடுப்பால் அடியிலிருந்து இழுத்து இழுத்துக் கிளற வேண்டும். பாத்திர ஓரத்தைவிட்டு விலகி, இழையும் விழுந்தால் உடனே இறக்கிவிடலாம். சூடு மிஞ்சினால் கொழுப்பு பிரிந்து மேலே மிதக்கும்.

துணைக்குச் சுட்ட பன்றி சாஸேஜ். வந்ததும் சாப்பிடுங்கள், ஆறினால் இறுகிவிடும். முன்னுணவு வேண்டாம், வயிற்றில் இடமிருக்காது. மதியம் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். ஒன்றரைக்கு மேல் பல ஊர்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.