பிஸ்கட் டின்னிலிருந்த பதினொரு நத்தைக்கல்

ஏழாம் நம்பர் கல்லை ராத்திரி முழுக்கத் தேசிக்காய்ச் சாற்றில் ஊறப்போட்டதுதான் நான் செய்த முதல் மடத்தனம். பித்தளைக் குத்துவிளக்கு பளபளக்கிறதே, கல்லும் பளபளக்கட்டும் என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் கிண்ணத்தின் அடியில் மண் படிந்திருந்தது. கல்லின் மேலிருந்த வரிகளில் பாதி மழுங்கிப் போயிருந்தன. அது கல்லாகிப் போன ஒரு கடற்பிராணி. அதன் ஓடு இருந்த இடத்தில் இப்போது இருப்பது கல்சைட், சுண்ணாம்பின் சொந்தக்காரன். புளிப்பு பட்டால் கரைந்துவிடும். இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருசா வருசம் படிப்பிக்கிறவள் நான்.

கற்கள் நான் இருக்கும் ஹட்டனில், இலங்கை மலையகத்தில், கிடைத்தவை இல்லை. தோட்டத்துத் தமிழர் பலரை இந்தியாவுக்கே திருப்பி அனுப்ப இரு நாடும் செய்த ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, எழுபதுகளில், பெரியப்பா குடும்பம் லயத்து வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனது. ஊர் என்றால் பெரம்பலூர் பக்கம். எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா கால்நடையாகக் கிளம்பி வந்த அதே பக்கம். பெரியப்பா மகன் போன வருசம் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது ஒரு பிஸ்கட் டின்னைக் கையில் கொடுத்தார். "இந்தா தங்கச்சி, நீ சயன்ஸ் டீச்சர்தானே. சின்ன வயசுல காட்டுல பொறுக்கினது. நத்தைக்கல்லுன்னு சொல்லுவோம்." உள்ளே பழைய தினசரித் தாளில் சுற்றியபடி பதினொரு அம்மோனைட். கடலில் வாழ்ந்து அற்றுப்போன, சுருள் ஓடு கொண்ட பிராணியின் புதைபடிவம்.

திருச்சி, பெரம்பலூர், அரியலூர் நிலம் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது. அங்குள்ள பாறை அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று கீழிருந்து மேலாக மூன்று தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அங்கே எடுத்த புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இலேயே விவரித்துவிட்டார். அம்மோனைட்டுகளை ஒன்றுவிடாமல் வரைந்து, அளந்து, பெயர் வைத்தவர் ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்து, இந்திய நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்து, 1866க்குள் அந்தப் பெரிய நூல் தொகுதியை முடித்து, 1874இல் லடாக் மலையில் உயர நோயால் செத்துப் போனார். அப்போது வயது 36. பிறகு ஃபிரான்ஸ் கொஸ்மாட் 1895க்கும் 1898க்கும் இடையில் எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை அலசினார். ஸ்டோலிச்காவின் படத்தகடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நூற்றைம்பது வருசத்துக்கு முந்தைய கல்லச்சுப் படங்கள். என் போன் கமராவில் விழாத வரியெல்லாம் அதில் விழுந்திருக்கிறது.

"மிஸ், நம்ம தோட்டத்துல தோண்டினா கிடைக்காதா?" என்று பிள்ளைகள் கேட்கத்தான் செய்தார்கள். கிடைக்காது. மலையகத்துப் பாறை ஏறக்குறைய 55 கோடி வருசத்துக்கு முன்னால் பூமிக்கடியில் 800 பாகைக்கும் மேலான சூட்டில் வெந்து உருமாறியது. அம்மோனைட் வம்சமே 40 கோடி வருசத்துக்கு முன்னால்தான் தலைகாட்டியது. நம் பாறையில் மின்னுவது கார்னட், நத்தை இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். தேசிக்காயை விட்டுவிட்டுப் பழைய பல்துலக்கியும் ஊக்குமாக உட்கார்ந்தேன். வெளிப் பைப்படியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, வரிக்கு வரி மண்ணைக் கிளறிக் கழுவினேன். ஒரு கல்லுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அப்புறம் போட்டோ. கல்லில் செம்மண் திட்டு, வெள்ளைத் திட்டு என்று ஆளுக்கொரு நிறம் இருந்தால் கண் நிறத்தைத்தான் பார்க்கும், மேடு பள்ளத்தைப் பார்க்காது. அதனால் துறைக்காரர்கள் மேலே அமோனியம் குளோரைட்டைப் புகையாகப் படியவிட்டு வெள்ளையாக்கிப் படம் எடுப்பார்கள். பாடசாலை ஆய்வுகூடத்தில் கொஞ்சம் இருந்தது. ஆனால் ஜூன் மாசத்து ஹட்டனில் அது நடக்கிற காரியமா? மூடுபனி ஜன்னலுக்குள்ளேயே வந்து நிற்கிறது. அமோனியம் குளோரைட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பத்து நிமிசத்தில் ரவை போலத் திரண்டு, கல் ரவா லட்டாகிவிட்டது.

இரண்டாவது வழி மகனீசியம் நாடா. அதை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால் வருகிற வெள்ளைப் புகையில் கல்லைக் காட்ட வேண்டும். வெளிச்சத்தை நேராகப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். அதற்கு முன்னால் கல்லை ஒரே சீராகக் கருப்பாக்கிக்கொண்டால் வெள்ளை இன்னும் எடுப்பாக விழும். கருப்பாக்க அந்தக் காலத்தில் அவர்கள் பயன்படுத்தியது என்ன தெரியுமா? சூடம். நம்ம சாமி சூடமேதான். ஒரு கட்டியைத் தட்டில் வைத்துக் கொளுத்தி, கல்லை மேலே பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். கரி மெழுகியது போல் ஏறியது. அதன்மேல் மகனீசியப் புகை. இடது மேல்பக்கமிருந்து டோர்ச் அடித்துப் படம் எடுத்தேன். படிவங்களை அந்தப் பக்க வெளிச்சத்தில் எடுப்பதுதான் வழக்கம். மூன்றாம் நம்பர் கல்லில் அதுவரை நான் பார்த்தே இராத சின்னச் சின்னக் குமிழ்கள், நடுக்குழியின் விளிம்பைச் சுற்றி, ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மூன்று வரி கிளம்பிப் போவது தெரிந்தது. டோர்ச்சைக் கீழே வைக்கவே மனசு வரவில்லை.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "சாமிக்குக் காட்ட வேண்டியத கல்லுக்குக் காட்டிக்கிட்டு இருக்கியே!" சாளக்கிராமமும் இதேதான் அம்மா, நேபாளத்துக் கண்டகி ஆற்றில் உருண்டு வருகிற ஜுராசிக் காலத்து அம்மோனைட், உள்ளே தெரிகிற சக்கரம் இந்தச் சுருள்தான் என்று சொன்னேன். அதில் நிறையக் கிடைக்கும் ஒரு பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்துக்கு, பிளான்போர்டிசெராஸ் என்று பெயர். அம்மா எதுவும் பேசவில்லை. மறுநாள் ஒன்பதாம் நம்பர் சாமி ராக்கைக்குப் போயிருந்தது. அதை அளக்க வெள்ளிக்கிழமை தவிர்த்து மற்ற நாளில்தான் அனுமதி.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம், வேணியர் இடுக்கிமானி போதும். நான்கு அளவு: மொத்த விட்டம், நடுக்குழியின் அகலம், கடைசிச் சுற்றின் உயரம், அதன் தடிப்பு. குழியின் அகலத்தை விட்டத்தால் வகுத்தால் சுருள் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று தெரியும். தடிப்பை உயரத்தால் வகுத்தால் சுற்று ஒல்லியா குண்டா என்று தெரியும். மூன்றாம் நம்பர்: விட்டம் 62 மில்லிமீற்றர், குழி 21, உயரம் 24, தடிப்பு 22. ஐந்தாம் நம்பர்: 31, 12, 11, 12. ஆக முதலாவது 0.34, 0.92. இரண்டாவது 0.39, 1.09. ஒன்று ஒல்லி, ஒன்று குண்டு. வரிகளும் ஐந்தாம் நம்பரில் தடித்தவை, எண்ணிக்கையில் குறைந்தவை. ஸ்டோலிச்காவின் தகடுகளைப் புரட்டினேன். மூன்றாம் நம்பர் அவர் 1865இல் தியோபால்டியானஸ் என்று பெயர் வைத்த இனத்துக்குக் கிட்டத்தில் வந்தது. ஐந்தாம் நம்பருக்குப் பொருந்துகிற படம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

காய்ச்சல் அன்றைக்குப் பிடித்ததுதான். புது இனம்!

பெயர் வைக்கும் சட்டதிட்டங்களை மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். விலங்குப் பெயர்களுக்கு லின்னேயஸின் 1758ஆம் வருசப் பதிப்புதான் தொடக்கம். முதலில் வைத்த பெயருக்கே உரிமை. 1999க்குப் பிறகு வைக்கிற பெயருக்கு ஹோலோடைப், அதாவது பெயரைத் தாங்கி நிற்கும் அந்த ஒற்றைக் கல் எது என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அது எந்தச் சேகரிப்பில் இருக்கப் போகிறது என்றும் எழுத வேண்டும். பிஸ்கட் டின் சேகரிப்பில் சேராது. வேறு இனத்திலிருந்து பிரித்துக்காட்டும் குறிப்பு தனி, முழு விவரணை தனி. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டோலிச்கா அம்மோனைட்டெஸ் என்ற பொதுப் பேரினத்தில் வைத்த தியோபால்டியானஸைப் பின்னால் வந்தவர்கள் கொஸ்மாட்டிசெராஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். அப்படி வீடு மாறியதும், இனப் பெயருக்குப் பின்னால் எழுதுகிற ஸ்டோலிச்காவின் பெயர் அடைப்புக்குறிக்குள் போய்விடும். அடைப்புக்குறியைப் பார்த்தாலே, இது பிறந்த வீட்டில் இல்லை, புகுந்த வீட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பெயரையும் யோசித்தாயிற்று. தோட்டத்தின் பெயரை வைக்கலாமா? திருச்சிக் கடலில் வாழ்ந்ததற்கு ஹட்டன் தோட்டத்துப் பெயர் வைத்தால் சிரிப்பார்கள். சரி, அப்பத்தா வள்ளியம்மையின் பெயர். பெண் பெயராக இருந்தால் கடைசியில் லத்தீன் வேற்றுமை உருபு சேர்க்க வேண்டும், தமிழில் எழுதினால் ஏகாரமாக வரும். தாளில் எழுதிப் பார்த்தேன்: கொஸ்மாட்டிசெராஸ் வள்ளியம்மையே. யாரோ அப்பத்தாவைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

இதற்கிடையில் தையல்வரியையும் வரைய வேண்டியிருந்தது. அம்மோனைட் ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்பு. தடுப்பு வெளி ஓட்டோடு சேரும் கோடுதான் தையல்வரி. நோட்டிலஸில் அது சாதாரண அலை, அம்மோனைட்டில் சேலைக்கரை லேஸ் மாதிரி மடிப்புக்குள் மடிப்பு. வாய்ப்பக்கம் மேடாக ஏறினால் சேணம், பின்பக்கம் இறங்கினால் மடல். ஆனால் மேல் ஓடு ஒட்டியிருக்கும் வரை அது வெளியே தெரியாது. பதினொன்றில் எதில் தெரிந்தது என்று நினைக்கிறீர்கள்? தேசிக்காய்ச் சாறு தின்ற ஏழாம் நம்பரில். சட்டை வாங்கும்போது வருகிற கண்ணாடிப் பொலித்தீனை மேலே ஒட்டி, சீடியில் எழுதும் பேனாவால் மூன்று ஞாயிற்றுக்கிழமை அதைப் படியெடுத்தேன். அதைச் செய்தபோதுதான் மூக்குக்கண்ணாடியின் பவரை மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்தது.

புது இனம் செத்துப் போனது ஓகஸ்ட் மாசத்தில். மூன்றாம் நம்பரில் ஏற்கனவே ஒரு வெடிப்பு இருந்தது. மகனீசியத் தூளைக் கழுவும்போது கை தவறிச் சிமெந்துத் தரையில் விழுந்து சரிபாதியாகப் பிளந்தது. அழுகை வராத குறை. பிளந்த முகத்தில் உள்சுற்றுகளின் வெட்டுமுகம் வரிசையாகத் தெரிந்தது. சும்மா இருக்கமாட்டாமல் அளந்தேன். அந்த மிருகம் 31 மில்லிமீற்றர் விட்டத்தில் இருந்தபோது அதன் சுற்றின் உயரம் 11, தடிப்பு 12. ஐந்தாம் நம்பரின் அதே கணக்கு. உள்சுற்றின் வரிகளும் தடித்தவைதான். என் புது இனம் மூன்றாம் நம்பரின் பிள்ளைப் பருவம்.

அம்மோனைட்டில் இந்த வசதி இருக்கிறது. தன் குழந்தைப் பருவத்தை அது தொலைப்பதில்லை, நடுவில் சுருட்டி வைத்துக்கொள்கிறது. ஐந்தாம் நம்பரைப் பெரியவர்களோடு ஒப்பிட்டதுதான் என் பிழை. வளர்ந்து முடிந்தது என்று சொல்ல வேண்டுமானால் கடைசித் தடுப்புகள் நெருக்கி நெருக்கி வர வேண்டும். ஐந்தாம் நம்பரில் அப்படி இல்லை. அப்படியே இருந்திருந்தாலும் வேறு சந்தேகம் வந்திருக்கும். ஒரே இனத்தில் ஆண் பெண் இரண்டும் வேறு வேறு அளவில் இருக்கும் என்பதை மகோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் 1962இலும் கல்லோமன் என்பவர் 1963இலும் விரிவாக எடுத்துக் காட்டும் வரை, புருசனுக்கு ஒரு பெயர் பெண்சாதிக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இதை நினைத்துக் கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

அப்பத்தாவின் பெயரை அழித்துவிட்டு ஒழுங்காக லேபல் எழுத உட்கார்ந்தேன். பெயர், அளவு, எடுத்த இடம். இடத்தில் பேனா நின்றது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அந்தக் கல்லெல்லாம் எங்க எடுத்தது?"

"காரையில கொஞ்சம், கொளக்காநத்தத்துல கொஞ்சம். எல்லாம் ஒண்ணாத்தான் டின்னுல போட்டேன் தங்கச்சி. ஏன், கெட்டுப் போச்சா?"

காரை ஊட்டத்தூர்த் தொகுதி. கொளக்காநத்தம் அதற்கு மேலே, திருச்சிராப்பள்ளித் தொகுதி. இரண்டுக்கும் நடுவில் லட்சக்கணக்கான வருசம். கொஸ்மாட்டிசெராஸ் என்றால் கொளக்காநத்தமாகத்தான் இருக்கும் என்று எழுத கை துறுதுறுத்தது. கல்லை வைத்து இடத்தைச் சொல்லிவிட்டு, அப்புறம் இடத்தை வைத்துக் கல்லை உறுதிப்படுத்துவது கள்ளக்கணக்கு. ஒட்டியிருக்கும் மண்ணைக் கேட்கலாம். காரையில் ஜிப்சம் கலந்த களிமண், கொளக்காநத்தத்தில் மணற்கல். மண்ணையெல்லாம் நான்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பைப்படியில் கழுவி விட்டேனே. ஏழாம் நம்பர் கிண்ணத்து மண் ரோசாச் செடிக்குப் போய்விட்டது.

மூன்றாம் நம்பரின் பிளவுக்குள், குழந்தைப் பருவத்துச் சுற்றுக்கு நடுவில், பல்துலக்கி எட்டாத இடத்தில் கடுகளவு மண் ஒட்டியிருந்தது. ஊக்கால் சுரண்டிக் கடதாசியில் தட்டி, பாதியை மடித்து வைத்துவிட்டு மீதியை வாயில் போட்டேன். களியா மணலா என்று பார்க்க நிலவியல்காரர்கள் செய்கிற வேலைதான். களி என்றால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லில் நறநறவென்றது. லேபலில் கொளக்காநத்தம் என்று பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.