தூங்கினால்தான் தெரியும்: வெஸ்ட் சிண்ட்ரோமும் இரண்டாவது இ.இ.ஜி.யும்

தூங்கி விழித்த சில நிமிடங்களில் குழந்தை இரண்டு கையையும் விரித்து, தலையைக் கவிழ்த்து ஒரு வெட்டு வெட்டும். ஓரிரு விநாடியில் முடிந்துவிடும். ஐந்து பத்து விநாடி விட்டு இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று கோவையாக வரும். வீட்டில் "உரம் விழுந்திருக்கு" என்பார்கள், "சீர் தட்டியிருக்கு" என்பார்கள். வயிற்றுவலிக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களும் உண்டு. சாதாரணமாகத் திடுக்கிடுவது சத்தத்துக்கோ அசைவுக்கோ ஒருமுறை வந்து போகும். இது காரணமே இல்லாமல் வரிசைகட்டி வரும், பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள். இதுதான் வெஸ்ட் சிண்ட்ரோம், கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு வலிப்பு நோய். 1841-இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் லான்செட் இதழுக்கு எழுதியது தன் சொந்த மகனைப் பற்றித்தான். அவருக்குக் கிடைக்காத வசதி இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. போர்வையை விலக்கி, முழு உடம்பும் தெரிய, ஒரு கோவையை முழுசாகப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதைவிட அந்த ஒரு நிமிட வீடியோ டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

இதை உறுதி செய்ய, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனை எடுப்பார்கள். அது வீணாவது பெரும்பாலும் தூக்கத்தால்தான். முந்தின நாள் ஷாம்பு போட்டுத் தலைக்கு ஊற்றிவிட்டு எண்ணெய் வைக்காமல் கூட்டி வரவேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் பேஸ்ட் பிடிக்காது, எலக்ட்ரோடு நழுவும், கோடுகளில் கரண்ட் இரைச்சல் ஏறும். வருகிற வழியில் ஆட்டோவிலேயே குழந்தை தூங்கிவிட்டால் பாதிக் காரியம் கெட்டது. வழக்கமான தூக்க நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, எலக்ட்ரோடு ஒட்டி முடிந்ததும் பால் கொடுத்தால் தானாகக் கண் சொக்கும். தூளியில் பழகின குழந்தை கட்டிலில் தூங்காது. மடியில் வைத்தே எடுக்கலாம். விழிப்பு, தூக்கம், மறுபடி விழிப்பு மூன்றும் பதிவாக வேண்டும். வெட்டு வருவது விழித்த பிறகுதான் என்பதால், கண் திறந்த உடனே வயரைக் கழற்ற விடாதீர்கள். தோளில் இரண்டு எலக்ட்ரோடு கூடுதலாக ஒட்டினால் தசை வெட்டும் மூளை அலையும் ஒரே நேரத்தில் வருகிறதா என்று ஒப்பிடலாம்.

திரையில் தெரிவதற்கு ஹிப்ஸாரித்மியா என்று பெயர். 1952-இல் கிப்ஸ் தம்பதியர் விவரித்தது. வழக்கமான அளவில் வைத்தால் ஒரு கோடு இன்னொரு கோட்டின் மேல் ஏறி, எது எந்த இடத்து அலை என்றே தெரியாது. 200 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் போகிற அலைகள் அவை. டெக்னீஷியன் அளவைக் குறைத்த பிறகுதான் ஒழுங்கில்லாத பெரிய மெதுவலைகளும், நடுநடுவே இடம் மாறி மாறி வரும் கூர்முனைகளும் பிரிந்து தெரியும். வெட்டு வரும் கணத்தில் ஒரு பெரிய அலை எழும்பி, அதன் பின்னால் திரை சட்டென்று தட்டையாகும். கனவுத் தூக்கத்தில் இந்தக் குழப்பம் மறைந்தும் போகும். சில குழந்தைகளுக்குக் கனவில்லாத தூக்கத்தில் மட்டுமே தெரியும். அதனால் அரைமணி நேர விழிப்புப் பதிவு "நார்மல்" என்று வந்தால் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஹிப்ஸாரித்மியா இல்லாமலே இந்த வலிப்பு வருகிற குழந்தைகளும் இருக்கிறார்கள்.

மருந்து மூன்று: ஏ.சி.டி.எச். ஊசி, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு (இவை இரண்டும் ஹார்மோன் மருந்து), விகாபட்ரின் என்ற வலிப்பு மருந்து. மூளையிலும் மற்ற உறுப்புகளிலும் கட்டிகள் வரும் டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ் என்ற மரபணு நோய் காரணம் என்றால் விகாபட்ரின்தான் முதலில். மற்றவர்களுக்கு ஹார்மோன் மருந்து முந்துகிறது. 2017-இல் வெளியான, 377 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில் ஹார்மோனோடு விகாபட்ரினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 72 சதவீதத்தினருக்கு வெட்டு நின்றது. ஹார்மோன் மட்டும் என்றால் 57. அந்த முறையில் பிரெட்னிசலோன் 10 மி.கி. வீதம் நாளுக்கு நான்கு வேளை, ஒரு வாரத்தில் நிற்கவில்லை என்றால் 20 மி.கி. மூன்று வேளை. டோஸை டாக்டர்தான் முடிவு செய்வார், ஆனால் தவறு நடப்பது பாட்டிலில். 5 மி.லி.க்கு 5 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 15 மி.கி. உள்ளதும் உண்டு. 10 மி.கி. என்பது முதலாவதில் 10 மி.லி., இரண்டாவதில் 3.3 மி.லி. கடையில் பாட்டில் மாறினால் டோஸ் மூன்று மடங்காகும், அல்லது மூன்றில் ஒன்றாகும். விகாபட்ரின் 500 மி.கி. மாத்திரையை 10 மி.லி. தண்ணீரில் கரைத்தால் ஒரு மி.லி.க்கு 50 மி.கி. 7 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 50 மி.கி. என்று தொடங்கினால் நாளுக்கு 7 மி.லி., வேளைக்கு 3.5. ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

ஸ்டீராய்டு நாட்களில் முகம் உப்பும், பசி அடங்காது, இரவெல்லாம் அழுகை. இதெல்லாம் எதிர்பார்த்தது. ரத்த அழுத்தம் ஏறுவது மட்டும் வெளியில் தெரியாது. குழந்தைக்கான பட்டையை வைத்து அவ்வப்போது பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காய்ச்சல் என்றால் அன்றே காட்டவேண்டும். ஒன்பது மாத எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) தடுப்பூசி, போலியோ சொட்டு போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளை டாக்டரைக் கேட்டுத் தள்ளி வையுங்கள். வாந்தி எடுத்தாலும் மருந்தைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இரண்டு வாரம் ஆனதும் மறுபடி இ.இ.ஜி., தூக்கத்தோடு. "முப்பது வந்தது, இப்போ நாலுதான் வருது" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். இந்த நோயில் அது தோல்விக் கணக்கு. வெட்டு அறவே நிற்கவேண்டும், ஹிப்ஸாரித்மியாவும் போகவேண்டும். கண்ணுக்கு வெட்டு தெரியாமல் திரையில் மட்டும் குழப்பம் தொடர்ந்தாலும் மருந்து வேலை செய்யவில்லை என்றுதான் பொருள். ரிப்போர்ட்டில் "முன்னேற்றம்" என்ற ஒரு சொல்லோடு விட்டிருந்தால், தூக்கம் எத்தனை நிமிடம் பதிவானது, ஹிப்ஸாரித்மியா இருக்கிறதா இல்லையா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இருக்கிறது என்றால் அடுத்த மருந்துக்கு அதே வாரத்தில் போகவேண்டும். அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.