பாட்டம் எத்தனை இன்ச்?

மே 14
வலது கணுக்காலில் மாவுக்கட்டு. ஆறு வாரமாம்.

மே 15
கேட்டவர்களிடமெல்லாம் படியில் தவறிவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். இங்கே மட்டும் உண்மை. மகன் வாங்கித் தந்த ஜீன்ஸ். "இப்ப எல்லாரும் இதுதான் போடுறாங்கப்பா." வலது கால் எப்படியோ போய்விட்டது. இடது கால் பாதியில் சிக்க, ஒற்றைக் காலில் நாலு குதி குதித்தேன். ஐந்தாவதுக்குக் கட்டில் வந்துவிட்டது. வீங்கிய காலிலிருந்து கழற்ற முடியாமல் நர்ஸ் முழங்கால் வரை கத்திரியால் வெட்டினார். வெட்டும்போது அவர் சிரிக்கவில்லை என்பதை இன்னும் நன்றியோடு நினைக்கிறேன்.

மே 17
ஜூன் 8 கல்லூரி நண்பர்கள் சந்திப்பு. அன்றும் கட்டு இருக்கும். வீட்டுக்குள் எதைச் சுற்றிக்கொண்டாலும் கவலையில்லை. அங்கே பேண்ட் வேண்டும்.

டேப்பை எடுத்து அளந்தேன். குதிகாலைச் சுற்றிக் கட்டோடு 17 இன்ச். அப்புறம் அலமாரியில் ஒவ்வொரு பேண்டின் பாட்டம், அதாவது பாதம் வெளியே வரும் அடி ஓட்டையின் சுற்றளவு. வெட்டுப்பட்ட ஜீன்ஸின் மிச்சக் கால் 12. தொண்ணூறுகளின் பேகி இடுப்பில் மடிப்பு மடிப்பாக, தொடையில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு, கீழே வந்ததும் 14 இன்ச்சில் கஞ்சத்தனம் காட்டுகிறது. ஆபீஸ் பேண்ட் 16. ஒரே ஒரு இன்ச்!

ஐம்பது வருஷமாக ஆண்களின் உடையில் மாறியது இந்த ஓட்டையின் சுற்றளவு மட்டும்தானோ? சட்டைக் காலர் வேறு நாய்க்காது போல நீண்டு, சுருங்கியது. சரி, காலர் இப்போது பிரச்சினை இல்லை.

மே 20
ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரும் லீவை ஸ்ட்ராஸும் 1873இல் இதே நாளில்தான் செப்பு ஆணி அடித்த கால்சட்டைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். உழைப்பவர்களின் பாக்கெட் கிழியக்கூடாதென்று. என் ஜீன்ஸிலும் அந்த ஆணிகள் அசையாமல் இருக்கின்றன. தூக்கிப் போடப் போனேன், மகன் விடவில்லை. கிழிசல் நன்றாக வந்திருக்கிறதாம்.

மே 23
ஆபீஸ் பேண்டை மறுபடி அளந்தேன். 16தான்.

மே 26
பரண் பெட்டியில் கிடைத்துவிட்டது! 1977இல் தைத்த பழுப்பு பெல்பாட்டம். 26 இன்ச். கட்டோடு கால் வழுக்கிக்கொண்டு போகிறது. இந்த அகலம் கப்பல் மாலுமிகளிடமிருந்து வந்தது. முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுத் தளம் கழுவலாம். நாங்கள் எதையும் கழுவவில்லை, புழுதியைத்தான் கூட்டினோம்.

இடுப்பு 28. என் இடுப்பு 38.

"கால் போயிடுச்சுல்ல, பாதி வேலை முடிஞ்சுது" என்கிறாள் மனைவி.

மே 29
இதற்குப் போய் இவ்வளவு கவலையா என்று காலையில் கேட்டாள். 1942இல், உலகப் போர் நடக்கும்போது, பிரிட்டன் அரசு துணியை மிச்சம் பிடிக்க ஆண்களின் பேண்டில் அடிமடிப்பு (கால் நுனியை வெளிப்பக்கமாக மடித்து வைப்பது) வைக்கத் தடை போட்டது. அங்கே ஆண்கள் நீளமான பேண்டாக வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். தலைக்கு மேல் குண்டு, கவலை மடிப்பைப் பற்றி. சொன்னேன். காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 1
மகன் வந்தான். தொளதொளவென்று ஒரு பேண்ட், பாட்டம் நிச்சயம் 20 இருக்கும். எனக்கு மட்டும் ஏன் அந்தக் குழாய் என்று கேட்டேன். "டைட் எல்லாம் போச்சுப்பா." இதை ஏப்ரலில் சொல்லியிருக்கலாம். அவன் இடுப்பு 30, கடன் வாங்கவும் வழியில்லை.

ஜூன் 3
பெல்பாட்டம் தையற்காரரிடம் போயிருக்கிறது. உள்தையலில் விட்ட துணியைப் பிரித்தால் இரண்டு இன்ச் கிடைக்கும் என்றார். மீதி எட்டுக்கு இதே துணி வேண்டுமாம். 1977 துணிக்கு நான் எங்கே போவேன்? "பார்க்கலாம் சார்" என்றார்.

ஜூன் 5
போன் இல்லை.

ஜூன் 7
போன் வந்தது. இடுப்பு 38 தயார், ஒட்டுப் போட்டதே தெரியாதாம், அச்சு அசலாக அதே துணி. எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"கீழே எக்கச்சக்கமா கிடந்துச்சே சார். பாட்டத்தை 14 ஆக்கிட்டேன்."