அமெரிக்காவிலிருந்து காவிரிக்கரை வரை: அஸ்தியோடு ஊர் திரும்புதல்

அமெரிக்க வீட்டைக் காலி செய்துகொண்டு நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்கள், அங்கேயே தகனமான அப்பாவின் அல்லது அம்மாவின் அஸ்தியையும் கூடவே கொண்டுவருவது உண்டு. இதில் தடுமாற வைப்பவை பெரும்பாலும் கலசமும் பெயரும்தான்.

நம்மூரில் சஞ்சயனத்தன்று சில எலும்புகளையும் ஒரு கைப்பிடிச் சாம்பலையும் மண்கலயத்தில் எடுத்து, வெள்ளைத் துணியால் வாய் கட்டுவோம். அமெரிக்காவில் எலும்பு முழுவதையும் இயந்திரத்தில் அரைத்து, மொத்தத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். பெரியவர் ஒருவருக்கு இரண்டு முதல் மூன்று கிலோ வரை இருக்கும். வெளிர்சாம்பல் நிறம், தொட்டால் ஆற்றுமணல் போல நறநறக்கும். தடித்த பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, எண் பொறித்த சிறு உலோக வில்லை ஒன்றையும் சேர்த்து, சாதாரண பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துத் தருவார்கள்.

அந்தப் பெட்டியைப் பார்த்ததும் மனசு கேட்காது. அப்பாவை இதிலா வைப்பது என்று பித்தளைக் கலசம் வாங்கி மாற்றிவிடுவார்கள். பயணத்துக்கு அதுதான் ஆகாது. விமான நிலையத்தில் எக்ஸ்ரே உள்ளே ஊடுருவிப் பார்க்க முடிந்தால்தான் விடுவார்கள். கனமான உலோகம், கல், தடித்த பீங்கான் எல்லாம் திரையில் கறுப்பாகத் தெரியும். அமெரிக்கப் பாதுகாப்பு அதிகாரிகள் அஸ்திப் பாத்திரத்தைத் திறப்பதே இல்லை, நாமே திறந்து பார்க்கச் சொன்னாலும் மாட்டார்கள். உள்ளே இருப்பது தெரியாவிட்டால் பாத்திரம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே பிளாஸ்டிக் பெட்டி அல்லது மெல்லிய மரப்பெட்டியோடு பறந்து, ஊரில் இறங்கியபின் மண்கலயத்துக்கு மாற்றுங்கள்.

இனி பெயர். தமிழர்களுக்கு இது தனித் தலைவலி. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். வங்கியில் வேறு மாதிரி, வீட்டில் கூப்பிடுவது இன்னொரு மாதிரி. துக்கத்தில் இருக்கும்போது ஃபியூனரல் ஹோமில் (இறுதிச் சடங்கு, தகன ஏற்பாடுகளைக் கவனிக்கும் நிறுவனம்) கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறோம். அதுவே இறப்புச் சான்றிதழிலும் தகனச் சான்றிதழிலும் ஏறிவிடும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைக் கையில் கொடுத்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். வரைவைப் படித்துப் பார்த்தபிறகே ஒப்புதல் கொடுங்கள். பதிவான பிறகு திருத்துவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

இறப்புச் சான்றிதழில் பத்துப் பிரதிகளாவது வாங்குங்கள். அவற்றில் இரண்டுக்கு மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் வெளிநாட்டிலும் செல்லும் என்பதற்கான அத்தாட்சி, பெற்றுக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், வங்கிக் கணக்கு என்று அலையும்போது இது கைகொடுக்கும். ஊருக்கு வந்துவிட்டு அமெரிக்காவிலிருந்து வரவழைப்பது மிகவும் சிரமம்.

நீங்கள் வசிக்கும் மாநிலத்துக்குப் பொறுப்பான இந்தியத் தூதரகம் எதுவோ அங்கேதான் அஸ்தி கொண்டுசெல்வதற்கான சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், தகனச் சான்றிதழ், பெட்டியில் அஸ்தியைத் தவிர வேறெதுவும் இல்லை என்று ஃபியூனரல் ஹோம் தரும் கடிதம், இறந்தவரின் பாஸ்போர்ட், கொண்டுசெல்பவரின் பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றோடு போங்கள். இறந்தவருடையது இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அதை ரத்து செய்துவிடுவார்கள். அதனால் கொடுப்பதற்கு முன்பே கடைசிப் பக்கம் உட்பட எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து வையுங்கள். பெற்றோர் பெயரும் முகவரியும் அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

அமெரிக்காவிலேயே தங்கிவிடும் அண்ணனுக்கோ தங்கைக்கோ ஒரு பங்கு வேண்டுமானால், பெட்டியை மூடும் முன்பே ஃபியூனரல் ஹோமில் சொல்லிப் பிரித்து வாங்குங்கள். ஒவ்வொரு பங்கோடும் தகனச் சான்றிதழின் பிரதி ஒன்று இருக்கட்டும். பின்னால் தபாலில் அனுப்பிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஃபெடெக்ஸும் யூபிஎஸ்ஸும் அஸ்தியை ஏற்பதில்லை. அமெரிக்கத் தபால் துறையும் தன் எக்ஸ்பிரஸ் சேவையில் மட்டுமே எடுக்கும். 2025 மார்ச் 1 முதல் அதற்கென்று அவர்களே தரும் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும்.

வீட்டுச் சாமான் போகும் கப்பல் கன்டெய்னரில் அஸ்தியை ஒருபோதும் வைக்கக் கூடாது. கரை சேர மாதங்கள் ஆகும், சுங்கத்தில் பெட்டிகளைப் பிரிப்பார்கள். வேண்டுமென்று யாரும் வைப்பதில்லை, தவறிப்போய்தான் போய்விடுகிறது. பேக்கிங் ஆட்கள் கண்ணில் பட்டதையெல்லாம் கட்டுவார்கள், பூஜை அலமாரியையும் சேர்த்துத்தான். அவர்கள் வருவதற்கு முன்பே அஸ்தியையும் பாஸ்போர்ட்டுகளையும் ஒரே பையில் போட்டு நண்பர் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

விமானத்தில் கைப்பையாகவே எடுத்துச் செல்லுங்கள். சில விமான நிறுவனங்கள் செக்-இன் பெட்டியில் வைக்க விடுவதில்லை, விட்டாலும் பெட்டி தொலைந்தால் என்ன செய்வது? டிக்கெட் எடுக்கும்போதே நிறுவனத்திடம் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். துபாய், தோஹா போன்ற இடங்களில் விமானம் மாறும்போது மறுபடியும் சோதனை உண்டு. ஆவணங்களின் ஒரு செட் பெட்டியோடும், இன்னொரு செட் சட்டைப்பையிலும் இருக்கட்டும். இருக்கைக்கு அடியில், காலருகே வைப்பது சிலருக்கு மனம் ஒப்பாது. அப்படியானவர்கள் மேல்தட்டில் துணி சுற்றி, சாயாதபடி வைக்கலாம்.

எந்த நீரில் கரைப்பது என்பது குடும்பத்தின் விருப்பம். காவிரி என்றால் மாதத்தைப் பாருங்கள். மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்கு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவது வழக்கம். அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். மார்ச், ஏப்ரலில் வந்தால் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் வெறும் மணல் பரப்பாகவும் இருக்கலாம். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் கடல் என்பதால் அந்தக் கவலை இல்லை.

அரைத்த அஸ்தி காற்றில் பறக்கும். கரையில் நின்று தூவாமல் இடுப்பளவு நீரில் இறங்கி, கலயத்தை நீர்மட்டத்தில் சாய்த்து மெல்ல விடுங்கள். அந்த உலோக வில்லையையும் பிளாஸ்டிக் பையையும் அஸ்தியைக் கலயத்துக்கு மாற்றும்போதே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள், அவை ஆற்றில் போகக் கூடாது.